'ஸ்டாப்டு டு ஸ்மோக்'னு எழுதிட்டேன், ஃபார்மை மாத்தணுமா?

கேள்வி: வணக்கம் சார். புது வேலையில சேர்றதுக்கு முன்னாடி ஒரு மெடிக்கல் ஃபார்ம் குடுத்தாங்க. சிகரெட் பழக்கம் உண்டான்னு ஒரு கேள்வி இருந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடியே விட்டுட்டேன், அதனால 'ஐ ஸ்டாப்டு டு ஸ்மோக் டூ இயர்ஸ் பேக்'னு எழுதினேன். ஹெச்ஆர்ல இருந்தவங்க படிச்சிட்டு சிரிச்சாங்க, என்னன்னு சொல்லல. நான் போற ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல கேட்டா, 'ஸ்டாப் பக்கத்துல டு வரவே கூடாது, ஐஎன்ஜி மட்டும்தான்'ங்கிறார் மாஸ்டர். ஆனா நேத்து படிச்ச கதையில 'ஹி ஸ்டாப்டு டு டை ஹிஸ் ஷூலேஸ்'னு இருக்கு. யார் சொல்றது சரி? ஃபார்மை மாத்தணுமா?

பதில்: மாத்திடுங்க தம்பி, இன்னைக்கே மாத்திடுங்க. பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல, ஆனா நீங்க எழுதினதுக்கு அர்த்தம் 'ரெண்டு வருஷம் முன்னாடி சிகரெட் பிடிக்க நின்னேன்'ங்கிறது. எங்கேயோ போய்ட்டு இருந்தீங்க, வழியில நின்னீங்க, ஒரு சிகரெட் பத்த வச்சீங்க. விட்டதா ஃபார்ம்ல எங்கேயும் இல்ல, பிடிச்சதாதான் இருக்கு. அவங்க சிரிச்சது அதுக்குத்தான்.

கதைக்காரர் எழுதினது சரி. உங்க மாஸ்டர் சொன்னது பாதி சரி, பாதி சரிங்கிறதுதான் ரொம்ப ஆபத்து.

இதுக்கு கிராமர் புக் வேண்டாம், நம்ம தமிழே போதும். 'சிகரெட் பிடிக்க நின்னேன்', 'சிகரெட் பிடிக்கிறதை நிறுத்தினேன்', இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் உங்களுக்கு யாராவது சொல்லிக் குடுத்தாங்களா? இல்லையே. மூணு வயசுலயே தெரியும். இங்கிலீஷ்காரனுக்கு 'நில்'லுக்கும் 'நிறுத்து'க்கும் தனித்தனி வார்த்தை கிடையாது, ரெண்டுக்கும் ஸ்டாப்தான், அதனால அவன் வித்தியாசத்தை அடுத்த வார்த்தையில கொண்டு போய் வச்சிருக்கான். 'ஸ்டாப்டு டு ஸ்மோக்' வந்தா பிடிக்க நின்னான். 'ஸ்டாப்டு ஸ்மோக்கிங்' வந்தா பிடிக்கிறதை நிறுத்தினான். எழுதறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள தமிழ்ல ஒரு தடவை சொல்லிப் பாருங்க. 'பிடிக்க, பேச, பார்க்க, கேட்க'ன்னு வந்தா டு. 'பிடிக்கிறதை, பேசுறதை, பார்க்கிறதை'ன்னு வந்தா ஐஎன்ஜி. அவ்வளவுதான். ஷூலேஸ் கதையும் இதேதான், 'கட்ட நின்னான்', அதனால டு. அங்க ஐஎன்ஜி போட்டிருந்தா அந்த ஆளு அன்னையிலேர்ந்து ஷூலேஸே கட்டுறது இல்லைன்னு ஆகியிருக்கும்.

இந்தத் தப்பு ஏன் வருதுன்னா 'ஸ்டார்ட்'டால வருது. 'இட் ஸ்டார்ட்டட் டு ரெய்ன்', 'இட் ஸ்டார்ட்டட் ரெய்னிங்' ரெண்டும் ஒண்ணுதான், மழை ஆரம்பிச்சுது. பிகின், கன்டினியூ எல்லாம் ஏறக்குறைய அப்படித்தான். ஆரம்பிக்கிறதுக்கு ரெண்டு வழியும் செல்லுதேன்னு நிறுத்துறதுக்கும் அதையே போட்டுடறோம். 'இட் ஸ்டாப்டு டு ரெய்ன்'னு எழுதினா, மழை நடந்து போய்ட்டு இருந்துச்சு, பெய்யறதுக்காக ஒரு இடத்துல நின்னுச்சுன்னு அர்த்தம் ஆகுது. அதைப் படிச்சா நானும் சிரிப்பேன்.

இதுல ஒரு பெரிய பொறி இருக்கு, எல்லாரும் மாட்டுறது. ஃபோன்லயும் கம்ப்யூட்டர்லயும் சிவப்புக் கோடு வருதேன்னு நம்பி உட்கார்ந்திருப்பீங்க, உங்க வாக்கியத்துக்கு அது அநேகமா வராது. ஏன்னா 'ஐ ஸ்டாப்டு டு ஸ்மோக்'ங்கிறது இலக்கணப்படி சுத்தமான வாக்கியம், தப்பு இலக்கணத்துல இல்ல, நீங்க சொல்ல வந்ததுக்கும் அது சொல்றதுக்கும் நடுவுல இருக்கு. நீங்க சிகரெட்டை விட்டீங்களா பத்த வச்சீங்களான்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்? கோடு வந்தா ஒழுங்கா பார்க்கணும், வரலேங்கிறதுக்காக நிம்மதி ஆயிடக்கூடாது.

அடுத்த பொறி மனுஷங்க. ஃபார்ம் நிரப்பித் தர்றேன், ரெஸ்யூமே எழுதித் தர்றேன், 'ப்ரொஃபெஷனல் இங்கிலீஷா' மாத்தித் தர்றேன்னு காசு வாங்குற ஆளுங்க இருக்காங்க பாருங்க, அவங்ககிட்ட இதைக் கொண்டு போயிடாதீங்க. நேரா ஒரு பெரிய வார்த்தையைத் தேடிப் பிடிப்பாங்க. 'ஐ ஹேவ் டெர்மினேட்டட் மை ஸ்மோக்கிங்'னு ஒருத்தர் எழுதிக் குடுத்ததை என் கண்ணால பார்த்திருக்கேன். டெர்மினேட் பண்றது கான்ட்ராக்டை, வேலையை. 'சீஸ்'னு ஒரு வார்த்தை இருக்கு, அதுவும் நிறுத்துறதுதான், ஆனா வக்கீல் நோட்டீஸ் வாசனை அடிக்கும், மெடிக்கல் ஃபார்ம்ல அது எதுக்கு? 'ஹால்ட்' பட்டாளத்துக்காரர் அதட்டுற மாதிரி இருக்கும். சின்ன வார்த்தையில சரியா இருக்கிறதைப் பெருசாக்கித் தப்பாக்குறதுக்கு இவங்களுக்கு நாம காசும் குடுக்கிறோம், அதுதான் எரிச்சலா இருக்கு.

'முப்பதே நாள்ல சரளம்'னு விக்கிற கிளாஸ் பத்தியும் சொல்லிடறேன். 'ஸ்டாப் வந்தா ஐஎன்ஜி'ன்னு ஒரு வரியில முடிச்சா பசங்க எழுதிக்குவாங்க, கை தட்டுவாங்க, அடுத்த பாடத்துக்குப் போயிடலாம். ஏன்னு கேட்டா 'ஜெரண்ட்'னு, அதாவது ஐஎன்ஜி சேர்த்து பெயர்ச்சொல் மாதிரி ஆக்கின வினைக்கு இலக்கணப் பேரு, அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிப் போடுவாங்க. கேட்டவனுக்கும் அது புரியாது, சொன்னவருக்கும் பல சமயம் புரியாது, ஆனா கேள்வி அதோட நின்னுடும். அவங்களை மட்டும் சொல்லி என்ன பண்றது, பரீட்சையே அப்படித்தானே இருக்கு. 'ஹி ஸ்டாப்டு' போட்டு ஒரு கோடு, பக்கத்துல 'ஸ்மோக்'னு ஒரு வார்த்தை, கோடிட்ட இடத்தை நிரப்பணும். அவன் விட்டானா நின்னானான்னு அந்த ஒரு வரியில எங்க இருக்கு? ரெண்டு பதிலுமே பொருந்தும். விடைத்தாள் திருத்துற இடத்துல இதைச் சொன்னேன் ஒரு தடவை, 'கீ-ல இருக்கிறதுக்கு மட்டும் மார்க் போடுங்க சார்'னுட்டாங்க. யோசிச்சு 'டு ஸ்மோக்'னு எழுதின பிள்ளைக்கு முட்டை. அப்புறம் இருபது வருஷம் கழிச்சு ஃபார்ம்ல தப்பா எழுதுறான்னு அவனைப் பார்த்து சிரிக்கிறது.

சரி, நீங்க கேட்கல, ஆனா இதைச் சொல்லாம விட்டா நாளைக்கு இன்னொரு ஃபார்ம்ல மாட்டுவீங்க. நடுவுல ஒரு ஆள் வந்தா என்ன பண்றது? அதாவது நான் நிறுத்தல, என்னை ஒருத்தர் தடுத்தார். இதுக்கும் ஸ்டாப்தான். 'ஹி ஸ்டாப்டு மீ ஃப்ரம் கோயிங்', என்னைப் போக விடாம தடுத்தார். நம்ம ஆளுங்க இங்க 'ஸ்டாப்டு மீ டு கோ'ன்னு எழுதுவாங்க, அது கூடவே கூடாது. இப்ப, பிரிட்டிஷ்காரங்க இந்த ஃப்ரம்மை முழுங்கிட்டு 'ஸ்டாப்டு மீ கோயிங்'னும் சொல்வாங்க, அது அவங்க ஊர்ல தப்பு இல்ல. படிச்சா பதறாதீங்க. ஆனா அதைப் பார்த்து நீங்களும் ஃப்ரம்மை விட ஆரம்பிச்சீங்கன்னா ரெண்டு இடத்துல விழுவீங்க. ஒண்ணு, 'நான் தடுக்கப்பட்டேன்'ங்கிற மாதிரி திருப்பிப் போடும்போது, 'ஐ வாஸ் ஸ்டாப்டு ஃப்ரம் கோயிங்'னுதான் வரணும், அங்க ஃப்ரம்மை எந்த ஊர்க்காரனும் முழுங்க முடியாது. இன்னொண்ணு இதைவிட மோசம். 'கீப்'னு ஒரு வார்த்தை இருக்கு, அதுவும் தடுக்கிறதுக்கு வரும், 'ஹி கெப்ட் மீ ஃப்ரம் கோயிங்'னா போக விடல. அதுல ஃப்ரம்மை எடுத்தா 'ஹி கெப்ட் மீ கோயிங்', அவர் என்னைச் சோராம ஓட வச்சார், தெம்பு குடுத்தார்! அப்படியே தலைகீழா ஆயிடுச்சு பாருங்க, தடுத்தவர் தூக்கி விட்டவர் ஆயிட்டார். பழைய மேனேஜரைப் பத்தி எழுதும்போது இந்த ஒரு குட்டி வார்த்தை போச்சுன்னா புகார் பாராட்டா மாறிடும். அதனால எனக்குத் தெரிஞ்ச பாதுகாப்பான வழி, ஆள் நடுவுல வந்து தடுத்ததா சொன்னா கண்ணை மூடிட்டு ஃப்ரம் போடுங்க. போட்டதுக்காக யாரும் குறை சொல்லப் போறதில்ல.

தமிழ் நமக்கு உதவி பண்ணுதுன்னு சொன்னேன்ல, அதே தமிழ் காலையும் வாரும், அதையும் சொல்லணும். நாம எதை எதை 'நிறுத்து'வோம்னு பாருங்க. ஃபேனை நிறுத்து, வண்டியை எங்க நிறுத்தினே, அவனை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க, படிப்பை நிறுத்திட்டா, மீட்டிங் நின்னு போச்சு. இது எல்லாத்துக்கும் ஸ்டாப் போட்டா பாதிக்கு மேல தப்பு. ஃபேன் 'டர்ன் ஆஃப்' இல்லன்னா 'ஸ்விட்ச் ஆஃப்'. வண்டியை 'பார்க்' பண்றோம், 'வேர் டிட் யூ ஸ்டாப் த கார்'னு கேட்டா சிக்னல்லயா பாலத்துலயான்னு அவன் யோசிப்பான். வேலையை விட்டு எடுத்தா 'டிஸ்மிஸ்', ஆள் குறைப்புன்னா 'லெய்ட் ஆஃப்', ரெண்டும் வேற வேற, ரெண்டாவதுல உங்க மேல தப்பு இல்லைன்னு அர்த்தம், இன்டர்வியூல இதை மாத்திச் சொல்லிடாதீங்க. படிப்பை விட்டா 'ட்ராப்டு அவுட்'. மீட்டிங் நடக்கவே இல்லைன்னா 'கேன்சல்டு', நடந்துட்டு இருக்கும்போது பாதியில நின்னாத்தான் 'ஸ்டாப்டு'. ஃப்ரம் போட்டுத் தடுக்கிற ஸ்டாப்பைத் தவிர, ஓடிட்டு இருக்கிறது நிக்கணும், அப்பதான் அது ஸ்டாப். ஆரம்பிக்காததை ஸ்டாப் பண்ண முடியாது, தடுக்கத்தான் முடியும்.

முடிக்கிறது வேற. 'ஐ ஸ்டாப்டு ரீடிங் த ரிப்போர்ட்'னா பாதியில மூடி வச்சுட்டீங்க. படிச்சு முடிச்சிருந்தா 'ஃபினிஷ்டு'. மேனேஜருக்கு மெயில் போடும்போது இது ரெண்டும் மாறினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

சைடுல ஒண்ணு. இந்த வார்த்தைக்கு ஆதியில அர்த்தம் நிக்கிறது கிடையாது, அடைக்கிறது. ஓட்டையை, பாட்டில் வாயை அடைக்கிறது. பாட்டில் வாயை அடைக்கிற தக்கையை இன்னும் 'ஸ்டாப்பர்'னு சொல்றாங்களே, அது அந்தப் பழைய வாசனைதான். அடைச்சா ஓடுறது நிக்கும், அப்படியே நிக்கிறதுக்கு வந்துடுச்சு. தந்தி காலத்துல வாக்கியம் முடியற இடத்துல புள்ளிக்குப் பதிலா 'ஸ்டாப்'னே எழுதுவாங்க. எனக்குப் பிடிச்ச விஷயம், சொல்லணும்னு தோணுச்சு.

உங்க ஃபார்முக்கு வருவோம். 'டூ இயர்ஸ் பேக்' பேச்சுல ஓடும், எழுத்துல 'டூ இயர்ஸ் அகோ'ன்னு போடுங்க. 'ஐ ஸ்டாப்டு ஸ்மோக்கிங் டூ இயர்ஸ் அகோ.' 'அகோ' போட்டுச் சொல்லும்போது நடுவுல 'ஹேவ்' வேண்டாம், 'ஐ ஹேவ் ஸ்டாப்டு ஸ்மோக்கிங் டூ இயர்ஸ் அகோ' தப்பு. 'ஸ்டாப்டு' ஸ்பெல்லிங்ல பி ரெண்டு தடவை வரும், ஒண்ணு போட்டா அதுக்கு மட்டும் அநேகமா சிவப்புக் கோடு வரும்.

'க்விட்' போடலாமான்னு அடுத்து கேட்பீங்க. போடலாம், 'ஐ க்விட் ஸ்மோக்கிங் டூ இயர்ஸ் அகோ', பழக்கத்தை விட்டதா சொல்லும்போது அதுக்குப் பின்னாடி டு வராது, ஐஎன்ஜிதான். உங்க மாஸ்டரோட ரூல் இந்த இடத்துக்குப் பொருந்தும், பாவம் வார்த்தையை மாத்திப் பிடிச்சுட்டார். இறந்த காலத்துக்கும் க்விட்டேதான், 'க்விட்டட்'னு இழுக்காதீங்க.

எனக்குக் கேட்டா, மெடிக்கல் ஃபார்முக்கு கூடவே இன்னொரு வரியும் சேர்ப்பேன். 'ஐ ஹேவ் நாட் ஸ்மோக்டு சின்ஸ் தென்.' அதுக்கப்புறம் பிடிக்கவே இல்ல. ஸ்டாப்பை யார் எப்படிப் படிச்சாலும் இந்த வரியைத் தப்பா படிக்க வழி இல்ல. ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்க, 'திருத்தம் ஒண்ணு இருக்கு, பழைய ஃபார்முக்குப் பதிலா இதை எடுத்துக்கோங்க'ன்னு ரெண்டே வரி. எப்படித் தப்பு வந்துச்சுன்னு கதை எழுத வேண்டாம். பழைய ஃபார்ம்ல அடிச்சுத் திருத்தறதை விட புதுசா ஒண்ணு நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, வாங்கிக்கிட்டோம்னு பதில் வந்தா அந்த மெயிலை அழிக்காம வச்சுக்கோங்க.