எடை மேடை புரோகிராம் புதுக் கணினியில் விழுகிறது: பழுது கம்பைலரிலா?

கேள்வி: பண்ருட்டி சாலையில் எடை மேடை வைத்திருக்கிறேன். கரும்பு, முந்திரி, பலா லோடு வண்டிகள்தான் அதிகம். வண்டி எண், எடை, பார்ட்டி பெயர் போட்டுச் சீட்டு அடிக்கும் புரோகிராமை என் அக்கா மகன் 2010-இல் சி மொழியில் எழுதிக் கொடுத்தான். இப்போது அவன் வெளிநாட்டில் இருக்கிறான். பழைய கணினியின் மதர்போர்டு போய்விட்டதால் புதிது வாங்கி டெபியன் 13 என்ற லினக்ஸ் போட்டோம். அவன் எழுதிய மூல வரிகள், அதாவது சோர்ஸ் கோடு, பென் டிரைவில் இருக்கிறது. அதைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்ற, கம்பைலர் என்ற மென்பொருளால் கம்பைல் செய்தால் வரிசையாக எரர். ஒருவர் வந்து எரர் வராமல் செய்துவிட்டுப் போனார். ஆனால் பார்ட்டி பெயரை அடித்ததும் புரோகிராம் விழுந்துவிடுகிறது. இன்னொருவர், “இலவசக் கம்பைலரின் புதுப் பதிப்பில் பக் (பிழை) இருக்கிறது, லைசென்ஸ் கம்பைலர் போட்டால் சரியாகும், 38,000 ரூபாய் ஆகும்” என்கிறார். வாங்கலாமா? இல்லை, அடுத்த பதிப்பில் சரிசெய்யும்வரை காத்திருக்கலாமா?
வாசகர், கடலூர்

பதில்: வாங்காதீர்கள். காத்திருக்கவும் வேண்டாம். கணினித் திரையைப் படம் பிடித்து நீங்கள் அனுப்பியதைப் பார்த்தேன். பதினோரு எரர் இருக்கிறது, எல்லாம் ஒரே குடும்பம். சி தெரிந்த ஒருவர் பென் டிரைவோடு உட்கார்ந்தால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை. பழுது புரோகிராமில் இருக்கிறது. 2010-லிருந்தே இருக்கிறது.

“இத்தனை வருஷம் ஓடியதே” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உங்கள் புரோகிராம் மூன்று ஃபைல்களாக இருக்கிறது. பார்ட்டி பெயரைத் தேடி எடுத்துக் கொடுக்கும் ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் தனிப் பகுதி) ஒரு ஃபைலில் இருக்கிறது, அதைக் கூப்பிடும் வரி வேறொரு ஃபைலில் இருக்கிறது. “இப்படி ஒரு ஃபங்ஷன் உண்டு, அது இன்ன வகை விடை தரும்” என்று கூப்பிடும் ஃபைலின் தலையில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். உங்கள் மருமகன் எழுதவில்லை. அப்படி எழுதாவிட்டால், அந்த ஃபங்ஷன் ஒரு சாதாரண முழு எண்ணைத் தரும் என்று பழைய கம்பைலர் தானாக வைத்துக்கொள்ளும். உண்மையில் அது தருவது எண் இல்லை, பெயர் கணினியின் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற முகவரி.

பழைய கணினியில் இருந்தது 32 பிட் லினக்ஸ். அதில் முகவரியும் 4 பைட், முழு எண்ணும் 4 பைட். தவறாக எடுத்துக்கொண்டாலும் அளவு ஒன்றாக இருந்ததால் பிழைத்துப் போயிற்று. புதுக் கணினியில் இருப்பது 64 பிட். டெபியன் 13-இல் 32 பிட் கணினிக்கான நிறுவியே கிடையாது. இங்கே முகவரி 8 பைட், முழு எண் பழையபடி 4 பைட்தான். முகவரியின் முன்பாதி வெட்டுப்பட்டுப் பின்பாதி மட்டும் வந்து சேருகிறது. கடலூர் பின்கோடு 607001. அதன் முன் மூன்று எண்ணை வெட்டிவிட்டு 001 என்று மட்டும் எழுதித் தபாலில் போடுங்கள். புதுச்சேரி 605001, சென்னை 600001. தபால்காரர் எங்கே கொண்டுபோவார்? புரோகிராம் அப்படித்தான் ஊர் தெரியாத முகவரிக்குப் போய் முட்டி விழுகிறது. அதுவும் பார்ட்டி பெயர் அடிக்கும் இடத்தில் மட்டும் விழுவதற்குக் காரணம் இதுதான்.

இப்போது கம்பைலர் பக்கம் வருவோம். உங்களிடம் இருப்பது ஜிசிசி என்ற கம்பைலர். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் முதல் பதிப்பை வெளியிட்டார், இன்று வரை இலவசம். நான் மேலே சொன்ன ‘தானாக வைத்துக்கொள்ளும்’ வழக்கத்தை சி மொழியின் 1999 தரநிலையே நீக்கிவிட்டது. ஆனாலும் பழைய புரோகிராம்கள் நின்றுபோகக் கூடாது என்று ஜிசிசி பல வருடம் பொறுத்துப் போனது. உங்கள் மருமகன் எழுதிய காலத்தில் இருந்த 4.3 போன்ற பதிப்புகள் இதைப் பற்றி, கேட்டால்தான் வாய் திறக்கும். 2015-இல் வந்த 5-ஆம் பதிப்பிலிருந்து கேட்காமலே எச்சரித்தது. 2024 மே மாதம் வந்த 14-ஆம் பதிப்பில் அந்த எச்சரிக்கை எரராக மாறியது. முழு எண்ணை முகவரியாகவோ முகவரியை முழு எண்ணாகவோ மாற்றிப் போடுவதும் அதே பதிப்பில் எரர் ஆனது. டெபியன் 13-இல் இருப்பது 14.2. உங்கள் திரையில் வந்த பதினொன்றும் இந்த இரண்டு வகைதான். சமீப வருடங்களில் ஜிசிசியில் நடந்த திருத்தங்களில் உங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் உதவுவது இதுதான் என்பேன். இதைப் போய் பக் என்று சொன்னவர் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

முதலில் வந்தவர் என்ன செய்தார் என்பதும் படத்தில் தெரிகிறது. கம்பைல் செய்யும் கட்டளையில் ‘எஃப்-பெர்மிசிவ்’ என்று ஒரு சொல் சேர்த்திருக்கிறார். எரரை மறுபடி எச்சரிக்கையாக இறக்கிவிடும் சொல் அது. புகை வரும்போது அலாரத்தின் பேட்டரியைக் கழற்றினால் சத்தம் நிற்கும், அடுப்பு எரிந்துகொண்டேதான் இருக்கும். சிலர் இதற்குப் பதிலாக ‘1989 தரநிலைப்படி கம்பைல் செய்’ என்று போடுவார்கள். அதிலும் இதே கதைதான். வேலை முடித்துக் கொடுப்பவர் யாராக இருந்தாலும் கம்பைல் கட்டளையை உங்கள் கண் முன்னால் திரையில் காட்டச் சொல்லுங்கள். இந்த இரண்டில் ஒன்று இருந்தால் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்து, அந்த 38,000 ரூபாய்க்காரர். இவர்களை இருபது வருடமாகப் பார்க்கிறேன். புதுச்சேரியிலும் கடலூரிலும் சின்னத் தொழிற்கூடம், ஐஸ் பிளாண்ட், எடை மேடை வைத்திருப்பவர்கள்தான் இவர்களிடம் மாட்டுகிறார்கள். மூன்று மாதிரி வருவார்கள். இலவச ஜிசிசியையே வேறு பெயர் போட்ட பெட்டியில் வைத்து வருடச் சந்தாவுக்கு விற்பவர் ஒரு மாதிரி. “இலவசக் கம்பைலரில் செய்த புரோகிராமை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் கேஸ் வரும்” என்று பயமுறுத்துபவர் இன்னொரு மாதிரி. அது சுத்தப் பொய். ஜிசிசியின் உரிமத்தில் அதற்கென்றே விதிவிலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக் கொண்டு கம்பைல் செய்த புரோகிராம் உங்களுடையது, விற்கலாம், சோர்ஸ் கோடைப் பூட்டி வைக்கவும் செய்யலாம், ஒரு ரூபாய் யாருக்கும் தர வேண்டாம். மூன்றாமவர்தான் ஆபத்தானவர். சோர்ஸ் கோடை ‘சரிசெய்து தருகிறேன்’ என்று வாங்கிப்போய், ஓடும் ஃபைலை மட்டும் திருப்பித் தருவார். அதன்பின் சீட்டில் ஒரு கமா மாற்ற வேண்டுமென்றாலும் அவர் காலில்தான் விழ வேண்டும். முத்தியால்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஓர் ஐஸ் பிளாண்ட் உரிமையாளர் இப்படி நாலு வருடம் அடைபட்டுக் கிடந்தார். பென் டிரைவைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். இரண்டு நகல் எடுங்கள், ஒன்று வீட்டில் இருக்கட்டும். வேலை உங்கள் எடை மேடை அறையில், உங்கள் கணினியில் நடக்கட்டும்.

காசு கொடுத்து வாங்கும் நல்ல கம்பைலர்களும் இருக்கின்றன. ஆனால் சோர்ஸ் கோடில் இல்லாத அறிவிப்பு வரியை எந்தக் கம்பைலரும் உங்களுக்காக எழுதித் தராது.

அடுத்த பதிப்புக்குக் காத்திருப்பது இன்னும் மோசம். 2025 ஏப்ரலில் வந்த 15-ஆம் பதிப்பு, நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் சி மொழியின் 2023 தரநிலைப்படி கம்பைல் செய்யும். அதில் ‘பூல்’, ‘ட்ரூ’, ‘ஃபால்ஸ்’ மூன்றும் மொழியின் சொந்தச் சொற்கள். உங்கள் மருமகன் இரண்டாவது ஃபைலில் அதே பெயர்களைத் தானே உருவாக்கி வைத்திருக்கிறார். அங்கே போனால் எரர் கூடும். வேலை செய்பவரிடம் கட்டளையில் ‘ஜிஎன்யு 17’ என்று தரநிலையைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். நாளைக்குக் கணினி மாறினாலும் குழப்பம் வராது.

உங்கள் மருமகனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அப்படி. நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் 1990களின் தொடக்கத்தில் வந்த டர்போ சி++ 3.0 என்ற கம்பைலரை இன்றும் டாஸ் பாக்ஸுக்குள் (பழைய டாஸ் கணினிபோல் நடிக்கும் மென்பொருள்) போட்டு ஓட்டுகிறார்கள். ஒரு கல்லூரிக்கு லேப் தேர்வு எடுக்கப் போயிருந்தேன். ஒரு மாணவி ஜிசிசியில், தரநிலை சொல்கிறபடி ‘இன்ட் மெயின்’ என்று ஆரம்பித்து, ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் அறிவிப்பு வரி போட்டு, ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் கம்பைல் செய்து காட்டினார். லேப் கையேட்டில் ‘வாய்டு மெயின்’ என்று இருக்கிறது, டர்போ சி-யோடு வரும் ‘கோனியோ’ ஹெட்டர் (அறிவிப்பு வரிகள் கொண்ட ஃபைல்) இல்லை என்று அங்கிருந்தவர் மதிப்பெண்ணைக் குறைக்கச் சொன்னார். நான் குறைக்கவில்லை. ஆனால் அடுத்த வருடம் என்னைக் கூப்பிடவும் இல்லை. கையேட்டை மாற்ற ஒரு நாள் போதும். முப்பது வருடமாக மாற்றாமல், சரியாக எழுதும் பிள்ளையைத் தவறு என்று சொல்லிப் பழக்குகிறார்கள். உங்கள் எடை மேடையில் விழுகிற புரோகிராம் அந்த லேபில் விதைத்தது.

அப்படியானால் கம்பைலரில் பக்கே இருக்காதா? இருக்கும். இதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை வைத்துத்தான் உங்களை ஏமாற்றுகிறார்கள். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் சிஸ்மித் என்று ஒரு கருவி செய்தார்கள். அது கண்டபடி சி புரோகிராம்களை எழுதித் தள்ளிக் கம்பைலர்களைச் சோதிக்கும். அதை வைத்து அதுவரை யாருக்கும் தெரியாத 325-க்கும் மேற்பட்ட பிழைகளைக் கண்டுபிடித்ததாக 2011-இல் அறிவித்தார்கள். காசு வாங்கும் கம்பைலர்களும் அந்தச் சோதனையில் தப்பவில்லை.

உண்மையான கம்பைலர் பக் வந்தால் அதன் முகம் வேறு. ‘இன்டர்னல் கம்பைலர் எரர்’ என்று கம்பைலரே எழுதி, முழு விவரத்தோடு புகார் அனுப்பச் சொல்லும். உங்கள் புரோகிராமின் இன்ன வரி தவறு என்று சொன்னால் அது வேறு, நான் தடுக்கி விழுந்துவிட்டேன் என்று சொன்னால்தான் இது. அதிலும் ஒரு சோதனை உண்டு. அதே ஃபைலை மூன்று முறை கம்பைல் செய்யுங்கள். மூன்று முறையும் ஒரே இடத்தில் விழுந்தால் பெரும்பாலும் கம்பைலர் பக். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழுந்தால் கணினியின் ரேமைச் சந்தேகப்படுங்கள். ‘கில்டு’ என்று மட்டும் வந்து நின்றால் நினைவகம் போதவில்லை என்று அர்த்தம், அதுவும் பக் இல்லை. எரர் எதுவும் காட்டாமல் தவறான விடையைத் தரும் பக்கும் அபூர்வமாக உண்டு. ஆனால் கம்பைல் கட்டளையில் வேகப்படுத்தும் தெரிவை நீக்கினால் ஓடுகிறது, சேர்த்தால் விழுகிறது என்பதை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வராதீர்கள். நான் பார்த்தவற்றில் அநேகமாக எல்லாமே புரோகிராமில் ஒளிந்திருந்த தவறுதான்.

உண்மையான பக் என்றால் ஜிசிசியின் பக்ஸில்லா தளத்தில் எழுதலாம், கட்டணம் கிடையாது. பதிப்பு எண், கட்டளை, ஹெட்டர்களெல்லாம் விரித்த சோர்ஸ் ஃபைல் மூன்றும் வேண்டும். நம் ஆட்கள் “ஓடவில்லை, அவசரம்” என்று ஒரு போட்டோவை மட்டும் போடுவார்கள், அது மூடப்படும், பிறகு திட்டுவார்கள். ஒழுங்காக அனுப்பினால் பலன் கிடைக்கும். 14.1 வந்தது 2024 மே. அந்த வரிசையில் திருத்தங்களுக்காகவே ஆகஸ்டில் 14.2-உம், 2025 மேயில் 14.3-உம் வந்தன. புள்ளிக்குப் பின்னால் எண் கூடினால் பழுது பார்த்திருக்கிறார்கள் என்று பொருள், புது விதி எதுவும் வராது.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். மருமகனுக்கே ஒரு போன் போட்டுப் பாருங்கள், முதலில் அவரைக் கேட்பதுதான் முறை. முடியாவிட்டால் ஜிசிசியில் வேலை செய்து பழகிய ஒருவரை வரச்சொல்லுங்கள். மூன்று ஃபைலுக்கும் பொதுவாக ஒரு ஹெட்டர் ஃபைல் எழுதி, எல்லா ஃபங்ஷனையும் அதில் அறிவிக்க வேண்டும். விட்டுப்போன சி-யின் சொந்த ஹெட்டர்களைக் கம்பைலரே பெரும்பாலும் ‘இதைச் சேர்’ என்று கீழே குறிப்பாகச் சொல்லும். பிறகு வழக்கமான எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் ‘டபிள்யூ-ஆல்’ என்ற தெரிவோடு கம்பைல் செய்து, ஒரு எச்சரிக்கைகூட மிச்சமில்லாமல் துடைக்க வேண்டும். நாளைக்கே வண்டி நிற்கிறது என்றால், 32 பிட் நூலகங்களைச் சேர்த்துக்கொண்டு 32 பிட் புரோகிராமாகக் கம்பைல் செய்தும் ஓட்டலாம். ஒரு வாரத்துக்கு அது போதும். அதையே நிரந்தரமாக வைத்தால், நேரத்தை வினாடிகளாக எண்ணும் 32 பிட் எண் நிரம்பி 2038 ஜனவரி 19-இல் சீட்டின் தேதி குழம்பும்.

முத்திரை வைத்த, எடை காட்டும் இண்டிகேட்டர் பெட்டியை இந்த வேலைக்காக யாரும் திறக்க வேண்டியதில்லை. திறக்கக் கேட்டால் அனுப்பிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் பழைய சீட்டுப் புத்தகத்திலிருந்து இருபது சீட்டை எடுங்கள். நீளமான பார்ட்டி பெயர் உள்ளவை அதில் கட்டாயம் இருக்க வேண்டும். லோடு எடை, காலி எடையை அடித்து, நிகர எடையும் பெயரும் பழைய சீட்டில் இருப்பதுபோலவே வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் அடுத்த பத்து வண்டிகளுக்கு இண்டிகேட்டரில் தெரியும் எடையைக் கையால் குறித்துச் சீட்டோடு ஒப்பிடுங்கள். இருபதும் பத்தும் ஒத்துப்போன பிறகு பணம் கொடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கை அழிக்காமல் பீரோவில் வையுங்கள்.