இரண்டு கோணங்கள் போதுமா? போதும், ஆனால் என் ஏழரையைக் கேளுங்கள்

'இரண்டு முக்கோணங்களில் இரண்டிரண்டு கோணங்கள் சமம் என்று காட்டினாலே வடிவொத்தவை (அளவு வேறானாலும் வடிவம் ஒன்றே) என்று முடித்துவிடலாமா, மூன்றாவதையும் காட்ட வேண்டுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டே போதும். முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை என்று ஆகிவிட்ட பிறகு மூன்றாவது கோணத்துக்கு வேறு போக்கிடம் இல்லை. யாரோ உங்கள் மதிப்பெண்ணில் கை வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அது மூன்றாவது கோணத்துக்காக இருக்காது என்பது என் சந்தேகம், ஏனென்றால் நான் அடிபட்டவன்.

பள்ளியில் எனக்கு வந்த கணக்கு இது. கசடப ஒரு சரிவகம். கச, டப இணைப் பக்கங்கள். நீளம் முறையே 6, 9. மூலைவிட்டங்கள் ம என்ற புள்ளியில் வெட்டிக்கொள்கின்றன. மக 4, மச 5 என்றால் மட எவ்வளவு? ம-வில் குத்தெதிர்க் கோணங்கள் (இரு கோடுகள் வெட்டும் இடத்தில் எதிரெதிரே இருப்பவை) சமம். இணைகோடுகள் என்பதால் ஒன்றுவிட்ட கோணங்களும் (இணைகோடுகளுக்கு நடுவே, குறுக்குக் கோட்டின் இரு பக்கமும் மாறி அமைபவை) சமம். நிறுவல் இரண்டே வரிதான். பெருமையாக 'முக்கோணம் மகச, முக்கோணம் மபட இரண்டும் வடிவொத்தவை' என்று எழுதி, அந்த எழுத்து வரிசைப்படியே விகிதமும் போட்டேன். 7.5 வந்தது. ஏழரை வந்தபோதே சுதாரித்திருக்க வேண்டும்.

சரியான விடை 6. க-வில் உள்ள கோணத்துக்குச் சமமானது ட-வில் இருக்கிறது, ப-வில் அல்ல. ஆகவே மகச-வுக்கு ஜோடி மடப. படத்தில் க-வுக்கு நேர் கீழே ப இருந்தது. 'ஒன்றுவிட்ட' என்று கை எழுதிக்கொண்டிருக்க, கண் பக்கத்தில் இருந்ததைப் பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் சமமான கோணங்களுக்கு ஒற்றை வில், இரட்டை வில் என்று வளைகோட்டு அடையாளம் போட்ட பிறகுதான் முக்கோணத்துக்குப் பெயரெழுதுகிறேன். ஒற்றை வில்லுக்கு எதிரே உள்ள பக்கம், மற்ற முக்கோணத்தில் ஒற்றை வில்லுக்கு எதிரே உள்ள பக்கத்தோடுதான் சேரும்.

'மூன்றையும் எழுதினால் என்ன தவறு' என்று சண்டைக்கு வருபவர்களே, தவறே இல்லை, தாராளமாக எழுதுங்கள். நான் கணிதப் பட்டம் வாங்கியவன் அல்லன். கோணங்கள் சமமானால் பக்கங்கள் விகிதசமம் என்பதை பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் நூலின் ஆறாம் பகுதியில் 4ஆம் தேற்றமாக நிறுவியிருக்கிறார். வாதத்தை அவரிடம் வைத்துக்கொள்ளுங்கள். நாற்கரத்தைக் கொண்டுவந்து மடக்கவும் வேண்டாம். சதுரத்திலும் செவ்வகத்திலும் எல்லாக் கோணங்களும் 90 பாகைதான், ஆனாலும் அவை வடிவொத்தவை ஆகிவிடாது என்பது எனக்கும் தெரியும். இந்தச் சலுகை முக்கோணத்துக்கு மட்டும்.

இன்னும் ஆறாத விஷயம் வேறு. திருத்தியவர் கணக்கு முழுவதையும் குறுக்கே ஒரே சிவப்புக் கோட்டால் அடித்திருந்தார். பெயர் வரிசைதானே பிழை, கோணங்களைக் காட்டியதற்காவது பாதி கிடைக்காதா என்று போய்க் கேட்டேன். படத்தைப் பேனாவால் வரைந்திருக்கிறாய் என்றார். பேனாவால் வரைந்தால் குத்தெதிர்க் கோணம் சமமில்லாமல் போய்விடுமா? எதற்கும் நீங்கள் அந்த வில்களைப் பென்சிலாலேயே போட்டுவிடுங்கள்.