தான்சானியாவின் மட்வாராவுக்கு நேரே போய் முந்திரிக்கொட்டை வாங்கலாமா?

கேள்வி: பண்ருட்டி பக்கத்தில் சின்னதாக ஒரு முந்திரி ஆலை நடத்துகிறேன். ஆப்பிரிக்கக் கொட்டையை இதுவரை இறக்குமதியாளர்களிடம்தான் வாங்கி உடைக்கிறோம். இந்த அக்டோபரில் தான்சானியாவிலேயே விவசாயிகளிடம் நேரடியாக வாங்கி ஒரு கண்டெய்னர் கொண்டுவர எண்ணம். முன்பணம் அனுப்பினால் ஊர் ஊராகப் போய்க் கொட்டை சேர்த்துத் தருவதாக அங்கே ஒருவர் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். அந்த ஆள் நல்லவரா கெட்டவரா என்பதெல்லாம் அப்புறம். அவர் சொல்லும் வேலையே அங்கே சட்டவிரோதம். கூட்டுறவுக்கு வெளியே விவசாயியிடம் மலிவாகக் கொட்டை சேர்ப்பதை அங்கே ‘கங்கோம்பா’ என்பார்கள். பிடிபட்டால் சரக்கு போய்விடும்; உங்கள் பணமும் அதோடு சேர்ந்து போய்விடும்.

அங்கே 2007 முதல் கிடங்கு ரசீது முறை நடக்கிறது. தெற்கு தான்சானியாவில் மட்வாரா, லிண்டி பக்கத்து விவசாயி கொட்டையை ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் போடுகிறார். சங்கம் அதைக் கிடங்குக்கு அனுப்புகிறது, பிறகு ஏலம். ஏலம் கேட்க முந்திரி வாரியத்தில் பதிவும் உரிமமும் பிணைத்தொகையும் வேண்டும். எடுத்தால் சில நாள்களுக்குள் முழுப் பணத்தையும் கட்ட வேண்டும். விலை பிடிக்காவிட்டால் விவசாயிகள் ‘தரமாட்டோம்’ என்று எழுந்துவிடுவார்கள். 2018இல் அப்படித்தான் ஆனது. வியாபாரிகள் கேட்ட விலை போதாது என்று பிரச்சினை முற்றி, அதிபர் மகுஃபுலி கிலோ 3,300 ஷில்லிங்குக்கு அரசே வாங்கும் என்று அறிவித்து, கொட்டையைச் சேகரிக்க ராணுவத்தை இறக்கினார். அந்த ஊரில் முந்திரி வெறும் வியாபாரமல்ல, அரசியல்.

ஒரு கண்டெய்னருக்காக நீங்கள் இத்தனை ஏற்பாடு செய்வது கட்டுப்படியாகாது. ஏலம் எடுக்கும் உரிமமுள்ள ஏற்றுமதியாளரிடம் வாங்குங்கள். பக்கத்து ஆலைக்காரர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் பேரம் பேசவும் வசதி. ஏற்றுமதியாளர் சொல்லும் விலையில் தான்சானியாவின் ஏற்றுமதி வரி சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். உடைக்காத கொட்டைக்கு அது மதிப்பில் 15 சதவீதம் அல்லது டன்னுக்கு 160 டாலர், இரண்டில் எது அதிகமோ அது.

சரி, நீங்கள் உண்மையில் மெனக்கெட வேண்டிய இடம் அவுட்டர்ன், அதாவது ஒரு மூட்டைக் கொட்டையை உடைத்தால் எவ்வளவு நல்ல பருப்பு தேறும் என்ற கணக்கு. பல மூட்டைகளிலிருந்து எடுத்துக் கலந்த 1 கிலோ கொட்டையை ஒவ்வொன்றாகப் பிளந்து, நல்ல பருப்பைத் தோலோடு நிறுங்கள். புள்ளி விழுந்த பருப்பின் எடையில் பாதியை மட்டும் அதோடு கூட்டுங்கள். பூஞ்சணம் பிடித்ததும் சுருங்கியதும் கணக்கில் வராது. கிடைத்த கிராமை 0.176 ஆல் பெருக்கினால் 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு என்று வரும். 300 கிராம் என்றால் ஏறக்குறைய 53. நல்ல மட்வாராக் கொட்டை இந்த அளவில் நிற்கும்.

52 என்று பேசி 48 வந்தால் என்ன ஆகும்? மூட்டைக்கு 1.8 கிலோ பருப்பு குறைகிறது. 16 டன் கண்டெய்னருக்குக் கிட்டத்தட்ட 360 கிலோ. நேரே போய் மிச்சம் பிடிக்க நினைத்த பணத்தை இது ஒன்றே விழுங்கிவிடும். அதனால் ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச அவுட்டர்ன், அதற்குக் கீழே குறையும் ஒவ்வொரு பவுண்டுக்கும் எவ்வளவு கழிவு, எந்த அளவுக்குக் கீழே போனால் சரக்கையே மறுக்கலாம் என மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 12 சதவீத ஈரத்தோடு வரும் கொட்டையைக் காயவைத்து 9க்குக் கொண்டுவந்தால் டன்னுக்கு 33 கிலோ குறையும். தண்ணீருக்கும் கொட்டை விலை கொடுத்ததாகிவிடும். தெற்கு தான்சானியாவில் மழை டிசம்பர் வாக்கில் பிடிக்கும், ஆகவே அக்டோபர், நவம்பரில் ஏலம் போகும் சரக்கைக் கேளுங்கள். நம் ஊர்க் கொட்டை மார்ச் வாக்கில்தான் சந்தைக்கு வரும் என்பதால் ஆலை சும்மா கிடக்கும் நேரத்துக்கும் இது ஒத்துவரும்.

ஒருமுறை நான் காகிதத்தில் இருந்த எண்களை மட்டும் நம்பினேன். தூத்துக்குடியில் கண்டெய்னரைத் திறந்தால் மேல் வரிசை மூட்டைகள் எல்லாம் சொதசொத. உள்ளே வேர்த்த தண்ணீர் கூரையிலிருந்து சொட்டியிருக்கிறது. சுவரிலும் கூரையிலும் தடித்த காகிதமும், ஈரம் உறிஞ்சும் பைகளும் போட்டிருந்தால் அது நடந்திருக்காது. ஏற்றும்போதே பரிசோதனை நிறுவனத்தின் ஆள் பக்கத்தில் நின்று மாதிரி எடுக்கட்டும். முத்திரை வைத்த ஒரு பை அவரிடம், இன்னொன்று உங்களிடம்.