ஊர் நிலத்தை விற்கிறார்கள், கேட்க நான் யார்?

நில விவகாரமாக இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: நிலம் என் பெயரில் இல்லையே, நான் கோர்ட்டுக்குப் போக முடியுமா?

எங்கள் லேஅவுட்டில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியாருக்குக் கொடுக்கப் போகிறார்கள். வழக்குப் போட எனக்கு உரிமை உண்டா?

உண்டு. பெங்களூரில் இதேபோலத்தான், பூங்காவுக்கென்று வைத்த இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள், அந்தப் பகுதியில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். நீங்கள் யார் கேட்க என்ற வாதம் உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை, 1991இல் ஒதுக்கீடு ரத்தானது. பூங்கா போனால் நஷ்டப்படுவது அங்கே குடியிருப்பவர்தானே? அதனால் உங்கள் மனுவில் பொதுநலம் என்று மட்டும் எழுதாமல், இந்தத் தெருவில் குடியிருக்கிறேன் என்பதையும் எழுதி, அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் வரைபடத்தின் நகலையும் சேர்த்துவிடுங்கள்.

வேலைக்காக வெளியூரில் இருக்கிறேன். சொந்த ஊரில் மேய்க்கால் புறம்போக்கு, அதாவது ஊர் மாடுகள் மேய விட்ட பொது நிலம், கைமாறுகிறது. நான் போடலாமா?

போடலாம். தனக்கென்று பாதிப்பு இல்லாதவரும் பொதுநலனுக்காக வரலாம் என்பதை 1981இல் எஸ்.பி. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதி தெளிவாகவே சொல்லிவிட்டார். ஊர்ப் பொது நிலத்துக்கு இன்னும் பலமான துணை, 2011இல் வந்த ஜக்பால் சிங் தீர்ப்பு. பஞ்சாபில் ஒரு கிராமத்துக் குளத்தை ஆக்கிரமித்த வழக்கு அது. ஊர்ப் பொது நிலங்களை மீட்டுக் கிராம மக்களிடம் ஒப்படைக்கத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் அதில் உத்தரவிட்டார்கள்.

ஆனால் 'நீ யார்' என்ற கேள்வி இன்னொரு வழியில் வரும். மனுதாரரின் பின்னணியைப் பார்க்க வேண்டும், சொந்த லாபத்துக்காகவா என்று பார்க்க வேண்டும், அப்படியிருந்தால் அபராதம் போட வேண்டும் என்று 2010இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என்னிடம் வந்த ஒருவர், நிலத்தை வாங்கியவரோடு தனக்கு வரப்புத் தகராறு இருந்ததைச் சொல்லவே இல்லை. எதிர்த்தரப்பு அந்தப் பழைய போலீஸ் புகாரை எடுத்து நீட்டியதும் நீதிபதி எங்கள் வழக்குக் கட்டை மூடி வைத்துவிட்டார். உண்மையிலேயே புறம்போக்குதான், எந்த நிலம் என்ன வகை என்று வருவாய்த் துறை வைத்திருக்கும் அ-பதிவேட்டில் தெளிவாக இருந்தது, இருந்தும் வழக்கு போயிற்று. இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. பகை இருந்தால் பிரமாணப் பத்திரத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள், இல்லை ஊரில் வேறொருவரை மனுதாரராக நிறுத்துங்கள்.

ஏலம் விடாமல் கொடுத்துவிட்டார்கள். இது ஒன்று போதாதா?

பாதி பலம்தான். போபாலில் விளம்பரமே இல்லாமல் ஓர் அறக்கட்டளைக்கு 20 ஏக்கர் கொடுத்ததை 2011இல் ரத்து செய்தார்கள். கல்கத்தாவில் மிருகக்காட்சிசாலை நிலத்தை ஓட்டல் கட்டக் கொடுத்த வழக்கிலோ, 1987இல், ஏலம்தான் பொதுவான வழி, ஆனால் தகுந்த காரணம் இருந்தால் பேசி முடித்தும் கொடுக்கலாம் என்று சொல்லி மனுவைத் தள்ளினார்கள். விலை குறைவு என்று மட்டும் சொல்லிப் போனால் இன்னும் கஷ்டம், அது அரசின் பொருளாதார முடிவு என்று ஒதுங்கிக்கொள்வார்கள், அரசின் பால்கோ அலுமினிய நிறுவனப் பங்குகளைத் தனியாருக்கு விற்றதை ஏற்ற 2001இன் தீர்ப்பைக் காட்டுவார்கள். எந்த விதியை மீறினார்கள், யாரிடம் கேட்காமல் கொடுத்தார்கள் என்று காட்டுங்கள்.

கோயில் நிலம் விற்பனைக்கு வருகிறது. காத்திருக்கவா?

வேண்டாம். அறநிலையத் துறைச் சட்டம் 34ஆம் பிரிவின்படி, ஆணையர் அனுமதி தருவதற்கு முன்னால் விவரங்களை வெளியிட்டு ஆட்சேபணை கேட்டாக வேண்டும். அந்தக் கெடுவுக்குள் எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டு வருடம் ஆயிற்று, கட்டடமும் எழும்பிவிட்டது. இப்போது போடலாமா?

கதவு மூடிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பொதுநல வழக்கு என்றாலும் தாமதத்தைப் பார்ப்பார்கள். பெங்களூரு கோரமங்களா குடியிருப்போர் தொடுத்த வழக்கு அப்படித்தான் 2005இல் தோற்றது, கட்டி முடிக்கும்வரை என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். உங்களுக்கு எப்போது தெரிய வந்தது, கலெக்டருக்கு எந்தத் தேதியில் மனு கொடுத்தீர்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் என்ன பதில் வந்தது, எல்லாம் தேதியோடு வேண்டும். தகவல் மனு இன்னும் போடவில்லை என்றால் நாளைக்கே போடுங்கள், 10 ரூபாய்தான், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றால் அந்த 30 நாளுக்காகக் காத்திருக்காதீர்கள், கையில் இருக்கும் காகிதத்தோடு இடைக்காலத் தடை கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவைப் போட்டுவிடுங்கள்.