மழை விழுந்த இடத்திலேயே: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் தெருவின் மழைநீர் வடிகாலை இரு மடங்கு அகலப்படுத்திக் கட்டிய பிறகு இங்கே தண்ணீர் தேங்குவதில்லை. ஆனால் தாழ்வான அடுத்த தெருவில் முன்பைவிட அதிகமாகத் தேங்குகிறது. அங்கும் வடிகாலைப் பெரிதாக்கினால் போதுமா?

பதில்: போதாது. அப்படிச் செய்தால், அதற்கும் கீழே இருக்கும் தெரு மூழ்கும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,500 லிட்டர். செடிகொடிகள் மூடிய இயற்கையான நிலத்தில் மழையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் மேற்பரப்பில் வழிந்தோடும். கான்கிரீட்டும் தாரும் பெரும்பாலான இடத்தை மூடிவிட்ட நகரில் பாதிக்கு மேல் ஓடிவிடும். அளவைவிடவும் வேகமே பெரிய சிக்கல். வழவழப்பான அகன்ற வடிகால்கள் எல்லா வீடுகளின் தண்ணீரையும் ஒரே நேரத்தில் பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டுகின்றன. அதே தண்ணீர் சில மணி நேர இடைவெளியில் வந்து சேர்ந்தால், பழைய வடிகாலே அதைத் தாங்கியிருக்கக்கூடும். ஆகவே மழையை அது விழுந்த இடத்திலேயே தோட்டங்களிலும் திடல்களிலும் தேக்கி, மெல்ல இறங்கவிட வேண்டும்.

வடிகாலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2011 ஜூலை 2 அன்று டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் மூன்று மணி நேரத்துக்குள் சுமார் 150 மில்லிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தபோது, எந்தத் தோட்டமும் அதைத் தனியாக உறிஞ்சியிருக்க முடியாது. அடுத்த ஆண்டு அந்நகரம் வகுத்த திட்டத்தில் நிலத்தடிச் சுரங்கக் குழாய்களும் உண்டு. கூடவே, மழைநீரைத் தற்காலிகமாகத் தேக்கும் பூங்காக்களும், பெருமழையின்போது கால்வாயாக மாறும் தெருக்களும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சிந்தித்ததுதான் அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

கேள்வி: சாலையோரத்தில் மழைத்தோட்டம், அதாவது வழிந்தோடும் மழைநீரை வாங்கி மண்ணுக்குள் இறக்கும் பள்ளமான செடிப் பாத்தி, அமைக்க விரும்புகிறோம். தண்ணீர் நின்று கொசு பெருகும் என்று அக்கம்பக்கத்தினர் தடுக்கிறார்கள். அவர்கள் அச்சம் சரியா?

பதில்: சரியாக அமைக்காத தோட்டத்தைப் பொறுத்தவரை அந்த அச்சம் நியாயமானதே. கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர, வெப்பமான காலத்திலும் ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். நல்ல மழைத்தோட்டத்தில் ஒரு நாளுக்குள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் தண்ணீர் வற்றிவிட வேண்டும். உங்கள் மண் அதற்கு இடம் கொடுக்குமா என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வற்றியதும் மீண்டும் நிரப்பி, கோடு போட்ட குச்சி ஒன்றை நட்டு, மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று பாருங்கள். ஒரு சென்டிமீட்டர்கூட இறங்காத களிமண்ணாக இருந்தால், அடியில் சரளைக்கல் பரப்பித் துளையிட்ட குழாய் ஒன்றைப் பதித்து, அதை வடிகாலோடு இணைக்க வேண்டும்.

பல இடங்களில் செலவு செய்து அமைத்த பாத்தி சாலையைவிட உயரமாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். விளிம்புக்கல்லை வெட்டி வழி விட்டிருப்பார்கள். தண்ணீரோ அதைத் தொட்டுவிட்டு நேரே சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கும். பாத்தியின் மேற்பரப்பு சாலை மட்டத்துக்கு ஒரு சாண் கீழே இருக்க வேண்டும். தண்ணீர் நுழையும் வாயில் மண் அரிக்காதபடி கற்களைப் பரப்ப வேண்டும். பெரும்பகுதி மணலும் சிறிதளவு மட்கிய உரமும் கலந்த மண்ணில், இரண்டு நாள் வெள்ளத்தையும் இரண்டு மாத வறட்சியையும் தாங்கும் செடிகளை நட வேண்டும். நிரம்பினால் வழிய ஒரு போக்கிடமும் தேவை. கட்டட அடித்தளத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி அமையுங்கள்.

அடுத்தது பராமரிப்பு. நுழைவாயிலில் இரண்டு கைப்பிடிச் சருகும் அதன்மேல் விரற்கடை அளவு வண்டலும் படிந்தாலே தண்ணீர் உள்ளே திரும்பாது. ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் அதை வாரிப்போட வேண்டியவர் யார் என்பதை, செடி நடுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: நீர் ஊடுருவும் தளக்கற்கள் விரைவில் அடைத்துக்கொள்கின்றன என்பது உண்மையா?

பதில்: உண்மை. வாகன நிறுத்துமிடத்துக்கும் நடைபாதைக்கும் அவை ஏற்றவை. கட்டுமான மண்ணும் புழுதியும் வந்து சேரும் இடத்தில் வேண்டாம். உறிஞ்சும் இயந்திரத்தால் அவ்வப்போது இடுக்குகளைச் சுத்தம் செய்ய ஏற்பாடு இருந்தால் மட்டுமே பதியுங்கள்.

கேள்வி: சாலைத் தண்ணீரை நிலத்துக்குள் விட்டால் நிலத்தடி நீர் கெடாதா?

பதில்: மிகச் சரியான கவலை. எண்ணெய், துத்தநாகம், செம்பு, டயர்த்தூள் அனைத்தையும் முதல் மழை சாலையிலிருந்து கழுவிக்கொண்டு வருகிறது. அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்ததற்கு, டயரிலிருந்து வரும் ஒரு வேதிப்பொருளே காரணம் என்று 2020இல் கண்டறிந்தார்கள். அதே வகைச் சாலைத் தண்ணீரை மணலும் மட்கிய உரமும் கலந்த மண்ணின் வழியே வடித்து விட்ட சோதனைகளில் மீன்கள் பிழைத்தன. ஆகவே மண்ணின் வழியே மெல்ல இறங்கவிடுங்கள். ஆழ்துளைக்குள் நேரடியாக விடாதீர்கள். பெட்ரோல் நிலையம், வண்டிப் பட்டறை போன்ற இடங்களின் தண்ணீரை நிலத்துக்குள் விடவே கூடாது. ஒப்பீட்டளவில் தூய்மையான கூரைத் தண்ணீரிலிருந்து தொடங்குவது நல்லது.

கேள்வி: எங்கள் பகுதியில் காலி இடம் என்று ஒரு விளையாட்டுத் திடல்தான் இருக்கிறது. அதை இழக்க மனமில்லை.

பதில்: இழக்க வேண்டியதில்லை. நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் 2013இல் திறக்கப்பட்ட பெந்தெம்பிளைன் சதுக்கம், வறண்ட நாளில் இளைஞர்கள் பந்து விளையாடும் பள்ளமான களம். மழை நாளில் சுமார் 17 லட்சம் லிட்டரைத் தேக்கும் தொட்டி. சிங்கப்பூரில் பிஷான் பூங்காவை ஒட்டி ஓடிய 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்து செல்லும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். நீர் ஏறும்போது கரைப் புல்வெளியே ஆற்றின் பாதையாகிவிடும். அங்கே நீர்மட்டம் உயர்ந்தால் மக்களை வெளியேறச் சொல்லும் எச்சரிக்கை ஒலியும் உண்டு. உங்கள் திடலைத் தாழ்த்துவதற்கு முன் மூன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும், எத்தனை மணி நேரத்தில் வடியும், உள்ளே விளையாடும் குழந்தைகளை யார் எப்படி எச்சரிப்பார்கள்.