சீக்குக் கோழியும் சைட்டோகைனும்: மனநல மருத்துவரின் பதில்கள்

டெங்கு குணமாகி இரண்டு வாரம் ஆகிறது. யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது. மனநோயா?

சீக்கு வந்த கோழியைப் பார்த்திருப்பீர்கள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கும், தீனியைத் தொடாது. கிருமியோடு போராடும் வெள்ளணுக்கள் சைட்டோகைன் என்ற புரதங்களைச் சுரக்கின்றன. உள்ளுறுப்புகளை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகவும் ரத்தம் வழியாகவும் அந்தச் சேதி மூளைக்குப் போகிறது. உடனே பசி மங்கும், ஆட்கள் அருகில் வந்தாலே எரிச்சல் வரும். இது பழுதல்ல, காய்ச்சலுக்குத் தேவையான சக்தியைச் சேமிக்கும் ஏற்பாடு என்று கால்நடை மருத்துவ அறிஞர் பெஞ்சமின் ஹார்ட் 1988-இல் எழுதினார். பெரும்பாலும் தானாகவே விலகிவிடும். இன்னும் இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் அன்றே பாருங்கள்.

ஹெபடைடிஸ் சி-க்கு இண்டர்ஃபெரான் ஊசி போட்ட மாதங்களில் அப்பா ஆளே மாறிப்போனார். எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பு, இரவில் அழுகை. "மனதைத் திடப்படுத்துங்கள்" என்று கடிந்துகொண்டது இன்றும் உறுத்துகிறது.

இண்டர்ஃபெரான் ஆல்ஃபாவே ஒரு சைட்டோகைன்தான். அதைப் போட்டுக்கொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வந்தது. மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனினைத் தயாரிக்க மூளைக்கு டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் தேவை; அதைக் கைனுரெனின் என்ற வேறொரு பொருளாக மாறும்படி இந்த ஊசி திருப்பிவிடுவது ஒரு காரணம். 2001-இல் வெளியான ஆய்வொன்றில், மெலனோமா புற்றுநோய்க்கு இந்த ஊசி போடுவதற்கு முன்பே மனச்சோர்வு மாத்திரை தந்தார்கள்; மாத்திரை பெற்றவர்களில் 11 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 45 சதவீதத்தினருக்கும் கடும் மனச்சோர்வு வந்தது. திடமான மனதுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இப்போது ஹெபடைடிஸ் சி-க்கு மாத்திரைகளே பெரும்பாலும் போதும். அப்பா உடனிருந்தால் இந்தப் பதிலை அவருக்குப் படித்துக்காட்டுங்கள்.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதம் கூடுதலாம். அழற்சியைக் குறைக்க வலி மாத்திரை போடலாமா?

வேண்டாம். சிஆர்பி சாதாரணச் சளியிலும் ஏறும், உடல் பருமனிலும் ஏறும். மருந்துக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 60 பேரிடம் டிஎன்எஃப் என்ற சைட்டோகைனைத் தடுக்கும் இன்ஃபிளிக்சிமாபைச் சோதித்தார்கள் (2013). மொத்தத்தில் பலனில்லை, சிஆர்பி மிகுந்திருந்தவர்களிடம் மட்டும் நன்மையின் சாயல் தெரிந்தது. எல்லா மனச்சோர்வும் அழற்சியல்ல. மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடும்.

பதற்றத்தைத் தணிக்கும் சைட்டோகைன் இருக்கிறதாமே?

இண்டர்லூகின்-10-ஐச் சொல்கிறீர்கள். பயத்தைக் கையாளும் மூளைப்பகுதியான அமிக்டலாவில் அது பதற்றத்தைக் குறைக்கிறது, இண்டர்லூகின்-17 கூட்டுகிறது. இரண்டும் எலிகளில் கண்டவை. மருந்துக்கடையில் கேட்காதீர்கள்.