ஹைஃபை ஆம்ப்புக்கு வயர்லெஸ் ஹெட்ஃபோன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) பழையது, ப்ளூடூத் கிடையாது. அதன் ஒலியை ஹெட்ஃபோனுக்கு வயர்லெஸ்ஸாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை எங்கே சொருகுவது?

ஹெட்ஃபோன் விளம்பரங்களைப் பார்ப்பதற்கு முன் ஆம்ப்பைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். எதை வாங்கலாம் என்பதை முடிவு செய்வது அதுதான். 'டேப் அவுட்' அல்லது 'ரெக் அவுட்' என்று எழுதிய சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ துளை ஜோடி இருந்தால் அதுவே சரியான இடம். அங்கே வரும் சிக்னலுக்கும் வால்யூம் குமிழுக்கும் சம்பந்தம் இல்லை. ஸ்பீக்கர் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு ஹெட்ஃபோனில் மட்டும் கேட்கலாம். பக்கத்திலேயே 'டேப் இன்' ஜோடியும் இருக்கும். மாற்றிச் சொருகினால் சத்தமே வராது. பலர் டிரான்ஸ்மிட்டர் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புவது இதனால்தான். சில ஆம்ப்களில் ரெக் அவுட்டுக்கென்று தனி செலக்டர் உண்டு, அதையும் பாருங்கள்.

அது இல்லையென்றால் முன்பக்க ஹெட்ஃபோன் துளை. துளை 6.35 மி.மீ. என்றால் அதில் 3.5 மி.மீ. பின்னைச் சொருக அடாப்டர் தேவைப்படும். இங்கே வால்யூம் குமிழ் வேலை செய்யும்: ரொம்பக் குறைத்தால் இரைச்சல் மேலே வரும், ரொம்ப ஏற்றினால் டிரம் அடிகள் கரகரக்கும். கரகரப்பு தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே குமிழை நிறுத்திவிட்டு, மீதியை ஹெட்ஃபோனிலேயே கூட்டிக் குறையுங்கள்.

ஸ்பீக்கர் கம்பி மாட்டும் முனைகளில் மட்டும் டிரான்ஸ்மிட்டரைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அங்கே வருவது பல வோல்ட். டிரான்ஸ்மிட்டர் கருகும், சில வகை ஆம்ப்களில் ஆம்ப்பும் சேர்ந்து போகும்.

எல்டாக் உள்ள ஹெட்ஃபோன் வாங்கினால் சிடி தரம் கிடைக்குமா?

எல்டாக் என்பது ஒரு கோடெக், அதாவது ப்ளூடூத்தில் அனுப்ப ஒலியைச் சுருக்கும் முறை. ஹெட்ஃபோனில் மட்டும் அது இருந்து பயனில்லை, டிரான்ஸ்மிட்டரிலும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவான கோடெக் எதுவோ அதில்தான் பாட்டு போகும். வேறு ஒன்றுமே பொருந்தாவிட்டால் எஸ்பிசி என்ற அடிப்படை கோடெக். சிடியின் ஓட்டம் விநாடிக்கு 1,411 கிலோபிட். எஸ்பிசி வழக்கமாக 328 வரை, ஆப்ட்எக்ஸ் 352, ஆப்ட்எக்ஸ் எச்டி 576, எல்டாக் 990 வரை தரும், எல்லாமே சிடியை விடக் குறைவு. அந்த 990-உம் சிக்னல் பலமாக இருக்கும்போதுதான். பலவீனமானால் 660, 330 என்று இறங்கிவிடும். சந்தையில் பல டிரான்ஸ்மிட்டர்களில் ஆப்ட்எக்ஸ் வகைகள் இருக்கும், எல்டாக் குறைவு. அதனால் முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு அதற்குப் பொருந்தும் ஹெட்ஃபோன் என்ற வரிசையில் தேர்ந்தெடுங்கள்.

வீட்டுக்குள் மட்டும்தான் கேட்பீர்கள் என்றால், டிரான்ஸ்மிட்டர் தட்டோடு ஜோடியாக வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வகையையே நாங்கள் முதலில் சொல்வோம். கோடெக் பொருத்தம் பார்க்கும் தலைவலி இல்லை, தாமதமும் குறைவு. கேட்டு முடித்ததும் தட்டில் வைத்தால் சார்ஜ் ஏறும்.

டிவியை ஆம்ப் வழியாகக் கேட்கிறோம். உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்.

எஸ்பிசியில் 200 மில்லி விநாடி வரை தாமதம் சாதாரணம், கண்ணுக்கு அது நன்றாகவே தெரியும். ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்சி இரு பக்கமும் இருந்தால் 40 அளவுக்கு இறங்கும். டிவியின் ஆப்டிகல் துளையிலிருந்து நேராக எடுப்பவர்கள், டிவி ஒலி அமைப்பில் 'பிசிஎம்' (சுருக்காத ஒலி) தேர்ந்தெடுங்கள். டால்பியில் விட்டால் பல டிரான்ஸ்மிட்டர்கள் ஊமையாகிவிடும்.

சத்தம் விட்டு விட்டு வருகிறது. வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது.

டிரான்ஸ்மிட்டர் எங்கே இருக்கிறது? ஆம்ப்பின் இரும்பு முதுகுக்குப் பின்னால் என்றால் காரணம் அதுதான். ஒரு மீட்டர் கேபிள் போட்டு அலமாரியின் மேல் தட்டுக்குக் கொண்டு வாருங்கள். வைஃபை ரௌட்டரிலிருந்து குறைந்தது ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். வைஃபையும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடினால் மோதும், அதனால் வீட்டு போன், லேப்டாப்களை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். மனித உடம்பும் 2.4 கிகாஹெர்ட்ஸை விழுங்கும். திரும்பி உட்கார்ந்தால் மட்டும் அறுபடுகிறது என்றால் டிரான்ஸ்மிட்டரை இன்னும் உயரத்தில் வையுங்கள்.

ரெக்கார்ட் பிளேயரில் மெதுவான இசை வரும்போது இணைப்பே போய்விடுகிறது.

சில டிரான்ஸ்மிட்டர்கள் சில நிமிடம் போதிய சிக்னல் வராவிட்டால் தாமாக அணைந்துவிடும். மெல்லிய ஆலாபனையை அவை மௌனம் என்றே எடுத்துக்கொள்ளும். சிக்னல் மட்டத்தை ஏற்றும் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். பிளேயரை நேரடியாக டிரான்ஸ்மிட்டரில் மாட்டியிருந்தால் கோளாறு வேறு: ஊசி பொருத்திய மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட் மட்டுமே. அதைப் பெருக்கிச் சீராக்கும் ஃபோனோ ஸ்டேஜ் நடுவில் இல்லாமல் சத்தம் ஈனமாக, பேஸே இல்லாமல் தகரம் போலக் கேட்கும்.

வெளிச் சத்தத்தைக் குறைக்கும் நாய்ஸ் கேன்சலிங் அவசியமா?

அமைதியான அறைக்கு வேண்டாம். அதை ஆன் செய்தால் மெல்லிய 'ஸ்ஸ்' சேரும், பல மாடல்களில் ஒலியின் நிறமும் மாறும். தனியாகக் கேட்பவர்களுக்குத் திறந்த பின்புற ஹெட்ஃபோன் நல்லது. காது வேகாது, ஒலியும் விசாலமாக இருக்கும். பக்கத்தில் ஒருவர் தூங்கினால் மூடிய வகைதான்.

பேட்டரி போனால் ஹெட்ஃபோனே குப்பையா?

உள்ளே அடைத்த லித்தியம் என்றால் மாற்றுவது கடினம். சென்ஹைசர் ஆர்எஸ் 185 போன்றவை ஏஏஏ அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லில் ஓடும். மூடியைத் திறந்து நீங்களே மாற்றலாம். அவசரத்துக்குச் சாதாரண ஆல்கலைன் செல் போட்டுவிட்டுச் சார்ஜ் தட்டில் வைக்காதீர்கள், கசிந்து தொடர்பு முனைகளை அரித்துவிடும்.